ஹைடல்பெர்க்கில் நான்கு வாரம்: கோடைக்கால ஜெர்மன் வகுப்பின் நாட்குறிப்பு

முன்குறிப்பு: விசா

ஆகஸ்ட் மாத நான்கு வாரப் படிப்புக்கு பிப்ரவரியிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. தொண்ணூறு நாளுக்கு உட்பட்ட மொழிப் படிப்புக்கு ஷெங்கன் குறுகியகால விசா போதும். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம் என்பது விதி. அந்த 15 நாளை நம்பவே கூடாது. கோடை நெருங்க நெருங்க விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பது கடினமாகிவிடும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

பலர் தடுக்கி விழுவது காப்பீட்டுத் தேதியில்தான். வகுப்பு தொடங்கும் நாள் முதல் முடியும் நாள் வரை என்று எடுத்துவிடுகிறார்கள். ஐரோப்பாவுக்குள் கால் வைக்கும் நாளிலிருந்து வெளியேறும் நாள் வரை அது இருக்க வேண்டும். இன்னொன்று: இந்த விசாவை அங்கே போய் மாணவர் விசாவாக மாற்ற முடியாது. அக்டோபரில் அங்கேயே முதுகலை சேரும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே நீண்டகால விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ‘ஊருக்குப் போனதும் நகராட்சியில் முகவரியைப் பதியவேண்டும்’ என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். வெளிநாட்டில் வசிப்பவர் மூன்று மாதத்துக்கு உள்ளாகத் தங்கினால் அந்தப் பதிவு தேவையில்லை.

முழுத் தொடக்கநிலையாளருக்கு வகுப்பு உண்டா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுதிக் கேளுங்கள். உண்டு என்று பதில் வந்தாலும் ஏ1 என்ற முதல் நிலையை ஊரிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது. எழுத்தும் எண்ணும் கற்க அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. அங்கே போய்ச் செய்ய வேறு வேலை இருக்கிறது.

நாள் 1, சனி

பிராங்பர்ட் விமான நிலையத்துக்கு இரண்டு ரயில் நிலையங்கள். ஒன்று தொலைதூர ரயில்களுக்கு, இன்னொன்று முதல் முனையத்தின் அடியில், உள்ளூர் ரயில்களுக்கு. தொலைதூர நிலையத்திலிருந்து ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் ஏறினால் அரை மணியில் மான்ஹைம், அங்கே மாறி எஸ்-பான் என்ற உள்ளூர் ரயிலில் கால் மணி, இருபது நிமிடத்தில் ஹைடல்பெர்க். மலிவு விலையில் முன்பதிவு செய்த ஐசிஇ சீட்டு அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமானால் சீட்டு வீண். விமானத்திலிருந்து இறங்கும் நாளுக்கு அந்த மலிவுச் சீட்டு வேண்டாம்.

மாதம் முழுவதும் நாடெங்கும் உள்ளூர் ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும் டாய்ச்லாண்ட்டிக்கெட், 2026 தொடக்கம் முதல் 63 யூரோ. ஐசிஇ-யில் செல்லாது. அது காலண்டர் மாதக் கணக்கு. ஜூலை 30-ல் வந்து இறங்கினால் இரண்டு நாளுக்காக ஒரு மாதப் பணம் கட்ட நேரும், ஒன்றாம் தேதிக்குப் பிறகு வந்தால் அந்தச் செலவு இல்லை. அது சந்தா என்பதை மறக்க வேண்டாம். அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போய்விடும். வாங்கிய அன்றே கைபேசியில் 8-ஆம் தேதிக்கு ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

ஹைடல்பெர்க் முதன்மை ரயில் நிலையம் பழைய நகரத்தில் இல்லை. இடையில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பழைய நகரத்துத் தெருக்கள் கல் பாவியவை, சக்கரப் பெட்டியின் சிறிய சக்கரம் அங்கே அரை மணி தாங்காது. பேருந்தோ டிராமோ பிடித்துவிடுங்கள்.

விடுதிச் சாவி தருகிற அலுவலகம் சனி, ஞாயிறு திறந்திருப்பது அரிது. சாவி எங்கே, யாரிடம் என்பதைக் கிளம்பும் முன் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். சாவி கிடைத்ததும் பெட்டியைப் பிரிக்க உட்காராமல் நேராகப் பல்பொருள் அங்காடிக்குப் போக வேண்டும். நாளை ஞாயிறு.

நாள் 2, ஞாயிறு

இன்று எந்தப் பெரிய கடையும் திறக்காது. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும், சில ரொட்டிக் கடைகள் காலையில் சில மணி நேரம் திறக்கும். அதனால்தான் நேற்று இரவுக்குள் வாங்கியிருக்க வேண்டிய பட்டியல் ஒன்று இருக்கிறது: அரிசி, தயிர், வெங்காயம், எண்ணெய், உப்பு, முட்டை அல்லது பருப்பு, பாத்திரம் கழுவும் நுரைப்பஞ்சு. அரிசியில் பாஸ்மதி எல்லா இடத்திலும் கிடைக்கும். ‘ரோட்டே லின்ஸன்’ என்று எழுதியிருப்பது நம் மைசூர்ப் பருப்பு. குக்கர் இல்லாமலே கால் மணியில் வெந்துவிடும். தயிருக்கு ‘நாட்டூர் யோகுர்ட்’, கொழுப்பு 3.5 சதவீதம் என்று போட்டதை எடுங்கள். பக்கத்திலேயே ‘குவார்க்’ என்று வெள்ளையாக ஒன்று இருக்கும். அது தயிர் அல்ல, பாலாடைக்கட்டி வகை. சோற்றில் பிசைந்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஊரிலிருந்து கொண்டுவருவதில் கவனம்: இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரத் தடை. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. தேங்காய்க்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. பால் சேராத பொடி வகைகளுக்கு இந்தத் தடை இல்லை. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் முதல் வாரத்தைக் காப்பாற்றிவிடும்.

குக்கர் கொண்டுவர நினைப்பவர் விடுதி அடுப்பு எந்த வகை என்று கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். தூண்டல் (இண்டக்ஷன்) அடுப்பில் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. மின்னழுத்தம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட், ஆனால் நம் மூன்று உருளைக் கம்பிச் செருகி அங்கே நுழையாது. மெல்லிய இரண்டு கம்பிச் செருகி நுழையும்.

புட்டிகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒருமுறைப் பிளாஸ்டிக் புட்டிக்கும் தகரக் குவளைக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை, வழக்கமான பீர்ப் புட்டிக்கு 8 சென்ட். நசுக்காமல், ஒட்டுச்சீட்டைக் கிழிக்காமல் அங்காடி வாசலில் இருக்கும் இயந்திரத்தில் போட வேண்டும். நசுங்கியதை அது திருப்பித் துப்பிவிடும். வருகிற சீட்டைப் பணம் கட்டும் இடத்தில் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். கண்ணாடிச் சாடிகளைத் தெருமுனைத் தொட்டியில் நிறவாரியாகப் போடலாம், ஆனால் ஞாயிறன்று போடக் கூடாது. அந்தச் சத்தமும் ஓய்வுநாள் அமைதியைக் கெடுப்பதாகவே கருதப்படும்.

நாள் 3, திங்கள்

நிலை அறியும் தேர்வு இன்று. பல பல்கலைக்கழகங்களில் இது ‘ட்ஸே-டெஸ்ட்’ வகையில் இருக்கும். ஒரு பத்தியில் ஒவ்வொரு இரண்டாவது சொல்லுக்கும் பின்பாதி வெட்டப்பட்டிருக்கும், அதை நிரப்ப வேண்டும். பத்திக்கு 20 இடைவெளி, ஐந்து நிமிடம் என்பது வழக்கமான அளவு. காதால் கேட்டு நன்றாகப் பேசப் பழகியவர்கள் இதில் கீழே போய்விடுவார்கள், ஏனென்றால் இது சொல்லின் கடைசி எழுத்தைத்தான் சோதிக்கிறது. ஜெர்மனில் பாலும் வேற்றுமையும் அந்தக் கடைசி எழுத்துகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. முதலில் பத்தியை முழுதாகப் படித்துவிட்டு, வினைச்சொற்களை நிரப்பி, கடைசியாக அடைமொழிகளின் ஈறுகளுக்கு வாருங்கள்.

விடைகளைத் தோழரிடம் பார்த்து எழுதி மேல்நிலை வகுப்புக்குப் போனால் நான்கு வாரமும் வீண். வகுப்பு தவறாக அமைந்துவிட்டது என்று தோன்றினால் முதல் இரண்டு நாளுக்குள் சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகு இடமிருக்காது.

கால அட்டவணையில் ‘10 ட்ஸே.டே.’ என்று போட்டிருந்தால் 10:15-க்குத் தொடக்கம். அது ‘கும் டெம்போரே’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம், பல்கலைக்கழகங்கள் தரும் கால் மணி நேரம். ‘எஸ்.டே.’ என்றால் சரியாகப் பத்து மணி. வகுப்பு நடக்கும் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் 1386-ல் இந்தப் பகுதியை ஆண்ட முதலாம் ரூப்ரெக்ட் நிறுவியது. இன்றைய ஜெர்மனிக்குள் இதுவே மிகப் பழையது.

பேச்சில் நேரம் சொல்வதில் இன்னொரு பள்ளம்: ‘ஹல்ப் ட்ஸேன்’ என்றால் ஒன்பதரை. பத்தை நோக்கி அரை என்று கணக்கு. பத்தரை என்று நினைத்துப் போனால் வகுப்பில் பாதி முடிந்திருக்கும்.

நாள் 4, செவ்வாய்

முதல் பாடம். இந்த நாட்குறிப்பில் சொல்ல விரும்புவதெல்லாம் உண்மையில் இந்த ஒரு நாளைப் பற்றித்தான். நம்மவர்கள் ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கிறார்கள். பாடநூலும் ஆங்கிலத்தில், குறிப்பும் ஆங்கிலத்தில். பல இடங்களில் தமிழ் வழியாகப் போனால் பாதை குறுகும்.

‘மியர் இஸ்ட் கல்ட்.’ ஆங்கிலம் வழியாக வருபவர் ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்று அமைத்து, ‘இஷ் பின் கல்ட்’ என்று சொல்லிவிடுவார். அதற்கு ‘நான் உணர்ச்சியற்றவன்’ என்று பொருள் வந்துவிடும். தமிழில் நாம் சொல்வது ‘எனக்குக் குளிர்கிறது’. அதே நான்காம் வேற்றுமை. ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதும் அப்படியே, ‘மியர் கெஃபெல்ட்’. ஆசிரியர் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குவார். தமிழ் பேசுபவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

சார்புவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவது இன்னொன்று. ‘எனக்கு இன்று நேரம் இல்லாததால்’ என்று வினையைக் கடைசியில் வைத்துத்தானே யோசிக்கிறோம்? ‘வைல் இஷ் ஹொய்ட்டெ கைனெ ட்ஸைட் ஹாபெ’ என்பதிலும் ‘ஹாபெ’ கடைசியில். பக்கத்து இருக்கையில் இருப்பவர் வினையை எங்கே வைப்பது என்று திணறும்போது நமக்கு அது இயல்பாக வரும், ஆங்கிலத்தை இடையில் நுழைக்காத வரை.

குறில், நெடிலும் அப்படித்தான். ‘ஷ்டட்’ நகரம், ‘ஷ்டாட்’ அரசு. ‘பெட்’ படுக்கை, ‘பேட்’ பாத்தி. ‘ஒஃபென்’ திறந்த, ‘ஓஃபென்’ அடுப்பு. மாத்திரைக் கணக்கோடு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல.

‘ஸீ’யும் ‘டு’வும் நம் நீங்களும் நீயும்தான். மாணவர்கள் தங்களுக்குள் முதல் நாளே ‘டு’. ஆசிரியரிடமும் அலுவலகத்திலும் கடையிலும் ‘ஸீ’. பெரியவர்தான் ‘டு சொல்லலாம்’ என்று அனுமதி தர வேண்டும், நாமாக இறங்கக் கூடாது.

தமிழ் கைவிடும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, சொல்லின் பால். மேசை ஆண்பால், கதவு பெண்பால், புத்தகம் மூன்றாம் பால். அஃறிணை, உயர்திணை என்று பொருளைப் பார்த்துப் பிரித்த நமக்கு இதில் தர்க்கம் கிடைக்காது. சொல்லைத் தனியாக எழுதிவைக்காதீர்கள், ‘டேர் டிஷ்’, ‘டீ ட்யூர்’, ‘டஸ் பூஹ்’ என்று முன்னொட்டோடு எழுதுங்கள். சில ஈறுகள் உதவும்: ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’ என்று முடிந்தால் பெண்பால், ‘ஷென்’ என்று முடிந்தால் மூன்றாம் பால்.

இரண்டாவது, இடமும் திசையும். ‘ஊருக்குள் போகிறேன்’ என்பதில் நாம் நான்காம் வேற்றுமை வைக்கிறோம். ஜெர்மனில் ‘இன் டீ ஷ்டட்’ என்று இரண்டாம் வேற்றுமை. ‘ஊரில் இருக்கிறேன்’ என்பதற்குத்தான் அங்கே நான்காம் வேற்றுமை, ‘இன் டேர் ஷ்டட்’. நேர் தலைகீழ். ஆனால் ‘ட்ஸூ’ என்ற சொல் வந்தால் மறுபடி நம் ‘கு’தான்: ‘ட்ஸும் பான்ஹோஃப்’, ரயில் நிலையத்துக்கு.

மூன்றாவது, குறிப்பேடு. ஜெர்மன் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சந்துக்கு ஒரு சொல், பணம் கட்டும் இடத்துக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ‘கஸ்ஸெ’தான். முன்னதில் கங்கையின் க, பின்னதில் கண்ணின் க. நன்றி சொல்வதும் வண்டிக்குப் பெட்ரோல் போடுவதும் இதே போல ‘டங்கென்’தான். டமாரத்தின் ட, டம்ளரின் ட என்று பிரிக்க நம் எழுத்தில் வழியில்லை. இந்தப் பதிவில் இருப்பது அடையாளத்துக்கு மட்டும். குறிப்பேட்டில் அவர்கள் எழுத்திலேயே எழுதுங்கள்.

நாள் 6, வியாழன்

மதிய உணவு மார்ஷ்டாலில். நெக்கர் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் படைக்கலக் கொட்டிலாக இருந்த கட்டடம், இன்று மாணவர் உணவகம். தட்டில் எடுத்துக்கொண்டு எடைக்குப் பணம் கட்ட வேண்டும். உருளைக்கிழங்கும் குழம்பும் எடை இழுக்கும். கீரைக் கலவையும் வறுத்த காய்களும் எடை குறைவு. இதைக் கவனித்தாலே செலவு கண்கூடாக இறங்கும்.

சைவம் உண்பவர்கள் மூன்று சொற்களை மனப்பாடம் செய்யுங்கள். ‘ஷ்பெக்’ உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, பொடியாக நறுக்கிக் காய்களிலும் சாலட்டிலும் தூவுவார்கள். ‘ஷ்மால்ட்ஸ்’ உருக்கிய கொழுப்பு. ‘ஃப்ளைஷ்ப்ரூயெ’ இறைச்சி வேகவைத்த நீர். தெற்கு ஜெர்மனியில் உருளைக்கிழங்கு சாலட்டை அந்த நீரில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு. பார்க்கச் சைவம் போலவே இருக்கும். ‘இதில் இறைச்சி இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும், அவர்கள் கணக்கில் ஷ்பெக் வேறு. ‘முழுச் சைவமா’ என்று கேளுங்கள்: ‘இஸ்ட் டஸ் வெகெடாரிஷ்?’

குழாய்த் தண்ணீர் நேரடியாகக் குடிக்கலாம். உணவகத்தில் தண்ணீர் கேட்டால் விலைக்குத்தான் வரும், அதுவும் பெரும்பாலும் வாயு ஏற்றியது. பையில் ஒரு புட்டி இருக்கட்டும்.

நாள் 8, சனி

கோட்டை. ‘ஷ்லொஸ்’ என்ற சொல்லுக்கு அரண்மனை என்றும் பொருள், பூட்டு என்றும் பொருள். சைக்கிள் வாங்கியவர்கள் இரண்டாவதை முதலில் கற்றுக்கொள்வார்கள்.

சிவந்த மணற்கல் கட்டடம். பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படைகள் 1689-லும் 1693-லும் வெடிவைத்துத் தகர்த்தன. கிழக்கு மூலையில் வெடித்த கோபுரத்தைப் பாருங்கள். பல மீட்டர் பருமனுள்ள சுவர், உடைந்து சிதறாமல் ஒரே துண்டாகச் சரிந்து அகழியில் கிடக்கிறது. திரும்பக் கட்டும் முயற்சி நடந்தபோது 1764-ல் இடி விழுந்து எரிந்தது. அதன்பின் ஊர்க்காரர்கள் வீடு கட்ட இங்கிருந்து கல் எடுத்துப் போனார்கள். அதைத் தடுத்து நிறுத்தியவர் ஒரு பிரெஞ்சுக்காரர், ஷார்ல் த க்ரெம்பெர். படையெடுத்து இடித்ததும் அந்த நாட்டவர், மிஞ்சியதைக் காத்ததும் அந்த நாட்டவர்.

முற்றத்துக்கான சீட்டிலேயே மலை ரயிலில் கோட்டை வரை போய்வருவதும், பெரிய பீப்பாயும், மருந்தக அருங்காட்சியகமும் அடக்கம். அதனால் மலை ரயிலுக்குத் தனிச் சீட்டு வாங்கவேண்டாம். அறைகளுக்குள் போக வழிகாட்டியோடு செல்லும் சீட்டு வேறு. 1751-ல் செய்த பீப்பாய் ஏறத்தாழ 2,20,000 லிட்டர் கொள்ளும். வரியாக வந்த திராட்சை மதுவைச் சேர்த்துவைக்கச் செய்தது. மருந்தக அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், பலர் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். காலை 9 மணிக்குப் போனால் சுற்றுலாப் பேருந்துகள் வரும் முன் முற்றம் அமைதியாக இருக்கும். தோட்டத்துக்குச் சீட்டே வேண்டாம். மாலை வெயிலில் நகரத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கோட்டைப் பக்கத்தில் இல்லை.

கோட்டை எரிந்ததை நினைவூட்டிச் செந்நிற ஒளியேற்றி, வாணவேடிக்கை விடும் இரவுகள் ஆண்டுக்கு மூன்று: ஜூன் முதல் சனி, ஜூலை இரண்டாம் சனி, செப்டம்பர் முதல் சனி. ஆகஸ்ட் படிப்புக்கு வருபவர்களுக்கு இது கிடைக்காது. விசாவில் ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டால் செப்டம்பர் இரவைப் பார்த்துவிடலாம்.

நாள் 9, ஞாயிறு

கடையில்லாத நாளை நடையில் கழிப்பதே இந்த ஊர் வழக்கம். பழைய பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில் ‘ஷ்லாங்கென்வேக்’ என்ற பாம்புப் பாதை மேலே ஏறும். செங்குத்து, கல் படி, மழையில் வழுக்கும். மேலே தத்துவஞானிகள் பாதை. தெற்கு நோக்கிய சரிவு என்பதால் குளிர்நாட்டில் வளராத அத்தி மரமெல்லாம் அங்கே வளர்கிறது.

பாலத்தை 1788-ல் அன்று இந்தப் பகுதியை ஆண்ட கார்ல் தியோடர் கட்டி முடித்தார். அதற்கு முந்தையதை 1784-ல் பனிக்கட்டி வெள்ளம் அடித்துப் போனது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் பெரும்பாலும் தப்பிய ஊர் இது. ஆனால் 1945 மார்ச்சில், பின்வாங்கிய ஜெர்மன் படையே இந்தப் பாலத்தின் வளைவுகளைத் தகர்த்தது. 1947-க்குள் திரும்பக் கட்டினார்கள்.

நம் துணைக்கண்டத்திலிருந்து இங்கே கோடையில் ஜெர்மன் படிக்க வந்தவர்களில் மிகப் பெரிய பெயர் முகமது இக்பால். 1907-ல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்க ஜெர்மன் தேவைப்பட்டது, அதைக் கற்க இங்கே வந்து தங்கினார். அதே ஆண்டு நவம்பரில் பட்டம் பெற்றார். நெக்கர் மாலையின் அமைதியைப் பற்றி உருதுவில் ஒரு கவிதையும் எழுதினார். ஆற்றங்கரைச் சாலை ஒன்று இன்று இக்பால் உஃபர் என்று அவர் பெயரில் இருக்கிறது.

நாள் 12, புதன்

மதியத்துக்குப் பிறகு ப்ளொக் தெருவில் இருக்கும் பல்கலைக்கழக நூலகம். முப்பதாண்டுப் போரில் 1622-ல் ஊர் வீழ்ந்தபோது இங்கிருந்த பாலட்டினா நூலகம் போப்பாண்டவருக்குப் பரிசாகப் போனது. கோவேறு கழுதைகளின் முதுகில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோம் சென்ற சுவடிகளில் ஜெர்மன் மொழிச் சுவடிகள் 847 மட்டும் 1816-ல் திரும்பின. மற்றவை இன்றும் வத்திக்கானில். இங்கே இருக்கும் சுவடிகளை இணையத்தில் முழுதாகவும் இலவசமாகவும் பார்க்கலாம்.

அகஸ்டினர் சந்தில் மாணவர் சிறை. 1778 முதல் 1914 வரை பல்கலைக்கழகம் தன் மாணவர்களைத் தானே அடைத்த இடம். இரவுக் கூச்சல், வாட்சண்டை போன்றவற்றுக்கு மூன்று நாள் முதல் நான்கு வாரம் வரை. வகுப்புக்கு மட்டும் போய்வர அனுமதி. புகைக்கரியால் சுவர் முழுக்கத் தங்கள் நிழலுருவங்களை வரைந்திருக்கிறார்கள். படிக்க வந்தவர்கள் மற்ற எல்லாவற்றையும்விட இதை நின்று பார்க்க வேண்டும்.

பெர்க்ஹைம் பக்கத்தில் 1962-ல் தொடங்கிய தென்னாசிய நிறுவனம் இருக்கிறது. தமிழ் கற்பிக்கப்பட்ட இடம், நூலகத்தில் தமிழ் நூல்கள் உண்டு. தமிழ் படிக்கும் ஜெர்மன் மாணவரும் ஜெர்மன் படிக்கும் தமிழரும் வாரம் இரண்டு மணி நேரம், ஒரு மணி அந்த மொழி, ஒரு மணி இந்த மொழி என்று பேசிக்கொள்வதற்கு ‘டாண்டெம்’ என்று பெயர். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள். விடுமுறைக் காலம் என்பதால் முதல் வாரமே ஒட்டினால்தான் மூன்றாம் வாரத்திலாவது ஆள் கிடைப்பார்.

நாள் 15, சனி

ஷ்பையர் என்ற பக்கத்து ஊர். எஸ்-பானில் முக்கால் மணிக்குச் சற்று மேல், மாதச் சீட்டிலேயே போய்வரலாம். 1061-ல் திருநிலைப்படுத்தப்பட்ட பேராலயம், பேரரசர்களும் மன்னர்களுமாக எட்டுப் பேர் அதன் நிலவறையில் அடக்கம். அதைவிட மனத்தில் தங்குவது சற்றுத் தள்ளி, தரைக்குக் கீழே பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கும் யூதர்களின் சடங்கு நீராடல் குளம். 12-ஆம் நூற்றாண்டுக் கட்டு, நிலத்தடி நீர் தானே ஊறி நிற்கிறது.

நாள் 18, செவ்வாய்

மூன்றாம் வாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு நாக்கு கட்டிப்போகும். புது இலக்கணம் பழையதைக் குழப்புகிற காலம் இது. நான்காம் வேற்றுமை தெரிந்த பிறகுதான் அதுவரை சரியாகச் சொன்ன வாக்கியத்திலும் சந்தேகம் வருகிறது. புதிதாக எதையும் சேர்க்காமல் மூன்று நாள் பழையதையே பேசுங்கள். வகுப்பில் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மேசையில் உட்காருவதும் ஆங்கிலத்துக்கு நழுவுவதும் இந்த வாரத்தில்தான் கெட்டிப்படும். கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொன்னால், ‘இஷ் லெர்னெ டாய்ச்’ (நான் ஜெர்மன் கற்கிறேன்) என்று சொல்லிவிட்டு ஜெர்மனிலேயே தொடருங்கள். பெரும்பாலும் அவரும் திரும்பி வந்துவிடுவார்.

வெப்பம் இன்னொரு காரணம். விடுதி அறைகளில் குளிர்சாதனம் இருக்காது. வெயில் நாளில் காலை எட்டு மணிக்கே சன்னலை மூடி, வெளித்தட்டியை இறக்கிவிடுங்கள். பகலில் திறந்துவைப்பது நம் பழக்கம், இங்கே சுவர் சூட்டைப் பிடித்து இரவெல்லாம் விடும். இருட்டிய பிறகு எதிரெதிர் சன்னல்களைத் திறந்தால் அறை குளிரும்.

நாள் 22, சனி

க்யோனிக்ஷ்டூல் மலை, 568 மீட்டர். மேல்பகுதி மலை ரயிலின் மரப்பெட்டிகள் 1907-ல் செய்தவை. காட்டுப் பாதையில் இறங்கி வருபவர்கள் அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் பாருங்கள். புல்லில் உண்ணி உண்டு. தெற்கு ஜெர்மனியில் அது நோய் பரப்பும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், எண்ணெய் தடவக் கூடாது. பிறகு சில வாரத்துக்குள் கடித்த இடத்தில் வட்டமாகச் சிவந்து விரிந்தால் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அது ஊருக்குத் திரும்பிய பிறகும் வரலாம் என்பதால் கடித்த தேதியைக் குறித்துவைத்து, நம் ஊர் மருத்துவரிடமும் ஜெர்மனியில் உண்ணி கடித்தது என்று சொல்லுங்கள். இங்கே அவசரமில்லாத மருத்துவ உதவிக்கு இரவிலும் விடுமுறையிலும் 116117, உயிர் அவசரத்துக்கு 112. பாரசிட்டமால் கூட மருந்துக்கடையில் மட்டும்தான் கிடைக்கும், அங்காடியில் தேடவேண்டாம்.

நாள் 28, வெள்ளி

இறுதித் தேர்வு முடிந்து சான்றிதழ். வெறும் பங்கேற்புச் சான்று வேறு, மதிப்பெண்ணோடு வரும் தேர்ச்சிச் சான்று வேறு. இங்கே எடுத்த மதிப்பீட்டுப் புள்ளிகளைச் சொந்தக் கல்லூரி ஏற்க வேண்டுமானால் தாளில் நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: வகுப்பு மணி எண்ணிக்கை, முடித்த நிலை, இசிடிஎஸ் என்ற ஐரோப்பியப் புள்ளிகள், மதிப்பெண். ஒரு வகுப்பு மணி என்பது 45 நிமிடம் என்பதையும் தாளில் குறிப்பிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஊரில் கணக்கு ஒத்துவராது. அலுவலகம் திங்கட்கிழமைதான் மறுபடி திறக்கும், அதற்குள் விமானம் போயிருக்கும். கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

அறையை ஒப்படைக்க அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, குளியலறை வடிகால் மூன்றும் துடைத்திருக்க வேண்டும். வைப்புத்தொகையில் பிடித்தம் வருவது பெரும்பாலும் இந்த மூன்றால்தான். ஒப்படைக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமான புட்டிகளை இன்றே இயந்திரத்தில் போட்டுவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் கோத்தே பி1 தேர்வுக்குப் பதிவு செய்யலாம். படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும், தனித்தனியாகவும் எழுதலாம். கேட்டலையும் பேசுதலையும் முதல் இரண்டு மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள், காதில் ஊர்ச் சத்தம் இருக்கும்போதே. இலக்கணமும் எழுத்தும் டிசம்பர் வரை காத்திருக்கும்.